பஸ் நிற்கும் இடத்திலிருந்து...

"உங்க செட்டுல ஊர் சுத்தினது நீங்கதான் சார், அதைப் பத்தியே எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. ஊர் சுற்றினோம் என்பது உண்மைதான். ஆனால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று போக, 1973-76 பி.ஏ. வரலாறு வகுப்பில் இருந்த எங்களிடம் காசு ஏது? பொன்மலை ரயில்வே காலனியிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்து படித்த கூட்டம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறுவோம். பஸ் எங்கே திரும்புகிறதோ அங்கே இறங்குவோம். அதற்கப்புறம் நடைதான். ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலையடிவாரம், காட்டுப்பாதை எதுவும் விலக்கில்லை. சாயங்காலம் அதே பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்வோம். மொத்தச் செலவு போக வர டிக்கெட், இரண்டு டீ, நாலு வடை. அவ்வளவே!

இதை ஒரு நினைவலையாக எழுதி முடித்துவிடலாம். ஆனாலும் வரலாறு படித்துவிட்டு, அதையே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் கொடுத்தவனுக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் ஆசையாக நடந்த அந்தப் பாதைகளை யார் போட்டது? எங்களுக்கு முன்னால் அதில் யார் நடந்தார்கள், எதற்காக நடந்தார்கள்? மாணவனாக இருந்தபோது இதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் விட்டதால் எனக்கு ஒரு கடனும் பாக்கி இருக்கிறது. அதையும் இந்த மலரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்மலை என்றதும் இன்றைய மாணவச் செல்வங்களுக்குப் பணிமனைதான் நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் இங்கே வந்தது. கூடவே காலனியும், கடைத்தெருவும், சங்குச் சத்தமும் வந்தன. நீலகிரி மலையேறும் ரயிலுக்கு நீராவி என்ஜின் செய்து கொடுத்த பெருமையும் இந்தப் பணிமனைக்கு உண்டு. ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்தது அந்தப் பாறைக் குன்று. 1753-இல் திருச்சிக் கோட்டைக்குள் நவாப் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் முற்றுகையில் கிடந்தார்கள். வெளியே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும். அந்த ஜூன் மாதம் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பொன்மலைக் குன்றை எதிரிகளிடமிருந்து மீட்டதைப் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த மொட்டைப் பாறைக்கு ஏன் அவ்வளவு அடிதடி என்று யாரும் சொல்வதில்லை. காரணம் சோறுதான்! கோட்டைக்கு வேண்டிய அரிசியும் ஆடுமாடும் தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையின் காடுகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. தெற்குச் சமவெளியில் நிற்கும் குன்றுகளைப் பிடித்தவர் கையில் அந்த வழி இருந்தது. தென்னிந்தியாவில் யார் ஆள்வது என்ற சண்டையின் ஒரு முடிச்சு, தொண்டைமான் காட்டு ஒற்றையடிப் பாதையில் மூட்டை சுமந்து வந்தவர்கள் காலடியில் இருந்தது என்றால் மிகையாகாது. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

என் முதல் நடை பஸ்ஸே இல்லாத நடை. 1974 மே மாதம் 8-ஆம் தேதி தொடங்கி 27-ஆம் தேதி வரை நாடு முழுக்க ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். அப்பா பணிமனையில் ஃபிட்டர். காலனியே மூச்சடங்கிப் போயிருந்தது. ஆயிரக்கணக்கில் கைதான நாட்கள் அவை. எந்த வீட்டு ஆம்பளை எங்கே இருக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் விடிவதற்கு முன்னால் அப்பா என்னை எழுப்பினார். "வாடா, சும்மா நடந்துட்டு வருவோம்." அம்மா ஒரு தூக்கில் பழைய சோறும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தார். அரியமங்கலம் பக்கம் போய் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஏறினோம். காட்டூர், திருவெறும்பூர் என்று கிழக்கே நடை.

உய்யக்கொண்டான் பற்றி ஒரு வார்த்தை. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரின் நடுவே நெளிந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிற வாய்க்கால் அது. நீளம் ஏறத்தாழ 70 கி.மீ. உய்யக்கொண்டான் என்பது முதலாம் ராஜராஜனின் பட்டப் பெயர்களில் ஒன்று. அவன் காலத்தில் வெட்டப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆயிரம் வருஷமாக ஓடுகிற வாய்க்காலை நம்மில் எத்தனை பேர் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மட்டுமே பார்த்திருக்கிறோம்!

மே மாதமாதலால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால்தான் உண்டு. எனக்குச் சப்பென்று இருந்தது. "தண்ணி இல்லாத வாய்க்காலை என்னப்பா பாக்கறது?" என்றேன். அப்பா சொன்னார்: "இப்பத்தான்டா பாக்கணும். தண்ணி வந்துட்டா தண்ணிதான் தெரியும், வாய்க்கா தெரியாது." ஒரு மடையருகே உட்கார்ந்து காட்டினார். கல் எப்படி அடுக்கியிருக்கிறது, கரை எங்கே அகலம், எங்கே குறுக்கம், தரை எவ்வளவு மெதுவாகச் சாய்கிறது என்று ஒரு ஃபிட்டர் கண்ணால் பார்த்துச் சொன்னார். "எத்தனை மைலுக்கு எத்தனை அடி இறக்கம்னு கணக்குப் போட்டு வெட்டியிருக்கான் பாரு. ஒரு இடத்துல கூடப் போயிருந்தா தண்ணி கரையை அறுத்துடும். கொறைஞ்சிருந்தா தேங்கிடும்." இந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

நாங்கள் நடந்த கரைப்பாதையைப் பொழுதுபோக்குக்காக யாரும் போடவில்லை. நீர்க்கட்டி ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு மடை பார்க்க நடந்த பாதை அது. வருஷா வருஷம் குடிமராமத்துக்கு ஊர் ஜனங்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்த பாதை. மராமத்துக்கு ஆள் வந்தே தீரவேண்டும் என்று 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். அதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஊர் தானாகச் செய்துவந்த வேலை. கரையில் ஆள் நடமாட்டம் இருந்தவரை கரை கரையாக இருந்தது.

வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஏரி நடுவில் குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. கொக்குகள் நின்றன. ஆலமரத்தடியில் சோற்றைப் பிரித்தோம். அப்பா அன்று வேலைநிறுத்தம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மட்டும், "உன் ஃபீஸ் கட்டியாச்சுல்ல?" என்று கேட்டார். "ஆச்சுப்பா" என்றேன். திரும்பும்போது துவாக்குடியில் பஸ் ஏறினோம். அந்தப் பக்கமெல்லாம் 1960-களில் வட்டாரப் பொறியியல் கல்லூரியும் பாரத மிகுமின் தொழிற்சாலையும் வந்துவிட்டதால் அடிக்கடி பஸ் உண்டு.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி சேர்ந்தது. நேரமும் நல்ல நேரம். 1972-இல் பஸ்களை அரசு எடுத்துச் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியிருந்தது. திருச்சிக்கென்று தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் பிரிந்தது 1985-இல். 1997-இல் தலைவர் பெயர்கள் எல்லாம் போய் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர். பெயர் எத்தனை மாறினாலும் எங்களுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுதான் தலைவாசல். எந்த பஸ் எங்கே கடைசியாக நிற்கும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம். ஊர் பெயருக்கு எதிரே கடைசி பஸ்ஸின் நேரம் சிவப்பு மையில். அந்தச் சிவப்பு மையை மீறியது ஒரே ஒரு முறை. அதற்கு வருகிறேன்.

கல்லணைக்குத்தான் அதிகம் போனோம். கல்லணை வரைக்கும் பஸ்ஸில் போனால் சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்ந்துவிடுவோம் என்று, திருவானைக்காவல் தாண்டி உத்தமர்சீலியிலோ கிளிக்கூட்டிலோ இறங்கி, ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழைத் தோட்டமாகக் கரையோடு நடப்போம். ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனை அது. மேற்கு முனை முக்கொம்பு. இரண்டு நுனியிலும் ஆற்றைப் பிடித்து நிறுத்திய இரண்டு அணைகள், நடுவில் அரங்கன். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் ஆற்று மணலுக்குள் பாறைகளைப் போட்டு அமிழ்த்தி எழுப்பியது. முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை வந்த காரணம் வேறு. கொள்ளிடத்தின் படுகை பள்ளம், ஓட்டமும் நேர். தண்ணீர் சுலபமான வழியைத்தானே பார்க்கும்? காவிரி மணலேறி மேடாகிக்கொண்டே வர, வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. தஞ்சை வயல் காய்ந்தது. கொள்ளிடத்தின் வாயில் தடுப்பு வைத்துக் காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பிய வேலைதான் மேலணை. 182 வருஷம் நின்ற அந்த அணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போயின. அதே வெள்ளத்தில்தான் சில நாள் முன்பு 1928-ஆம் வருஷத்துக் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. நாங்கள் எத்தனை முறை அந்தப் பாலத்தில் நடந்து போய் நடுவில் நின்று காற்று வாங்கியிருப்போம்! தொலைக்காட்சியில் பார்த்தபோது ஸ்ரீரங்கத்து நண்பன் போன் செய்து, "பார்த்தியாடா?" என்றான். வேறு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான்.

தெற்கே புதுக்கோட்டை பஸ்ஸில் போய் நார்த்தாமலை விலக்கில் இறங்கி நடந்தால் பாறைக் குன்றுகள், சுனைகள், விஜயாலய சோழீஸ்வரம். இன்னொரு நாள் சித்தன்னவாசல். சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்குப் பாறையில் வெட்டிய காலடிக் குழிகளில் ஏறிப் போகவேண்டும். காடு என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை, முள்ளும் புதரும்தான். ஆனால் பங்குனி நிலவில் பாறை மேல் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் என்னிடம் வந்து பேசுங்கள்.

இனி வடக்கு. என் கடன் இருக்கும் திசை.

சத்திரத்திலிருந்து துறையூர் பஸ் ஏறினால் மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் காடு என்று வழியே ஒரு பாடம். திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்து ஸ்வஸ்திகக் கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் படிகள். ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்குத் தெரியமாட்டார். துறையூரில் இறங்கினால் இரண்டு வழி. ஒன்று பச்சைமலை. மற்றொன்று உப்பிலியபுரம் வழியாகக் கொல்லிமலையின் கிழக்கு அடிவாரமான புளியஞ்சோலை. பஸ் அங்கே திரும்பிவிடும். அப்புறம் அய்யாறு, பெரிய பெரிய பாறைகள், குளிர்ந்த தண்ணீர், மேலே காடு. ஆற்றை ஒட்டியே ஏறுகிற ஒற்றையடிப் பாதை கடைசியில் ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போய்ச் சேரும். வல்வில் ஓரி ஆண்ட மலை, தேவாரத்தில் பெயர் வரும் கோயில் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னதைக் கேட்டுத்தான் 1976 ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நாலு பேர் கிளம்பினோம்.

நாலு பேரில் ஒருவன் தாவரவியல். மேலே சொன்ன ஸ்ரீரங்கத்து நண்பன்தான். இலைகளைப் பாடம் செய்ய இரண்டு பலகையும் பழைய செய்தித்தாளும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். பாதி மலைகூட ஏறியிருக்கமாட்டோம். பாசி படிந்த பாறையில் காலை வைத்தவன் அப்படியே சறுக்கி இரண்டு ஆள் உயரம் கீழே போனான். நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே எலும்பு திரும்பிக் கிடந்தது. முகம் வெளுத்துவிட்டது. தூக்கி நிறுத்தப் பார்த்தோம். அவன் போட்ட சத்தத்தில் நாங்களும் அழுதுவிட்டோம். மணி மூன்று இருக்கும். மலையில் சூரியன் சீக்கிரம் மறையும். மூன்று பேரும் பத்தொன்பது, இருபது வயசு. ஒருவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மேலிருந்து நாலைந்து பேர் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். மலையாளிகள். கேரளத்தார் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளின் மக்களுக்கு அதுதான் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மூத்தவராக இருந்த ஒரு பெரியவர் காலைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டைகளை ஓரமாக இறக்கி வைத்தார்கள். ஒருவர் போய் இரண்டு மூங்கில் வெட்டி வந்தார். ஒரு போர்வையையும் ஒரு வேட்டியையும் கட்டி தூளி ரெடி. நண்பனின் இலைப் பலகையைப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்துக் காலை அசையாமல் கட்டினார்கள். எல்லாம் கால் மணி நேரம்.

"பயப்படாதீங்க தம்பி. எங்க ஆளுங்களை இப்படித்தான் எறக்குவோம்" என்றார் பெரியவர்.

"அடிக்கடி எறக்குவீங்களா ஐயா?"

"வெசம் தீண்டினா, மரத்துலேர்ந்து விழுந்தா, பொம்பளைங்களுக்குப் பிரசவம் கஷ்டமாயிட்டா... தொறையூருக்குத்தானே போகணும்."

நாங்கள் கை வைத்தால் ஆட்டம் கொடுக்கிறது என்று எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள். வெறுங்காலோடு அந்தப் பாறைகளின் மேல் அவர்கள் இறங்கிய இறக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தூளி ஆடவேயில்லை. நான் அவர்களின் மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தேன். பத்தடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்தேன். உள்ளே என்ன என்று கேட்டேன். பலாப்பிஞ்சும் மிளகும் என்றார்கள்.

பெரியவர் பேசிக்கொண்டே வந்தார். போன மழைக்காலத்தில் இதே பாதையில் தன் மருமகளை இறக்கினாராம். அய்யாற்றில் தண்ணீர் அதிகம், கடக்க முடியாமல் பாறை மேல் காத்திருந்தார்களாம். "பஸ்ஸு அடிவாரத்துல நிக்குதுன்னு தெரியுது தம்பி. சத்தம்கூடக் கேக்குது. நாங்க இங்க இருக்கோம்." மருமகள் பிழைத்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

புளியஞ்சோலைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. சிவப்பு மை நேரம் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. ஆனால் பஸ் நின்றுகொண்டிருந்தது! பெரியவர் முன்கூட்டியே ஒரு பையனை ஓடவிட்டுச் சொல்லி வைத்திருக்கிறார். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கடைசி நீளச் சீட்டைக் காலி செய்து வைத்திருந்தார். தூளியோடு ஏற்றினார்கள். எங்களிடம் இருந்த சில்லறையை எல்லாம் சேர்த்துப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேற ஒண்ணு செய்யுங்க தம்பி. காலேசுல படிக்கிறவங்க நாலு எழுத்து எழுதத் தெரிஞ்சவங்க. பஸ்ஸை இன்னும் கொஞ்சம் மேல வர்ற மாதிரி, ஒரு ரோடு போடச் சொல்லி எழுதிப் போடுங்க" என்றார். "கண்டிப்பா எழுதறோம் ஐயா" என்று நான்தான் சொன்னேன்.

நண்பன் மூன்று மாதம் மாவுக்கட்டோடு இருந்தான். பிறகு தாவரவியல் பேராசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டான். மழை வந்தால் இன்னும் அந்தக் கால் அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுமாம். அந்த வருஷம் எங்கள் துறைக் கையெழுத்துப் பத்திரிகையில் நான் 'ஆகாயகங்கையை நோக்கி' என்று நாலு பக்கம் எழுதினேன். ஓரியைப் பற்றி எழுதினேன், அருவியைப் பற்றி எழுதினேன், மலைவாழ் மக்களின் வெள்ளை உள்ளத்தை வானளாவப் புகழ்ந்தேன். நல்ல பெயர் கிடைத்தது. ரோடு பற்றி ஒரு வரி இல்லை. மனு எதுவும் யாருக்கும் போடவில்லை. பரீட்சை வந்தது, அப்புறம் வேலை தேடும் படலம். மறந்தே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பல வருஷம் கழித்துப் பாடத்துக்காக 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். காடுகளை 'ரிசர்வ்' என்று அறிவிக்கும் முன் அங்கே யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். மேய்ச்சல், தண்ணீர், விறகு, தழை எல்லாவற்றோடும் சேர்த்து அந்த உரிமைப் பட்டியலில் வழிநடை உரிமையும் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் வந்து கோரினால் உண்டு, கோராவிட்டால் போச்சு. கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது அதிகாரியின் முன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். 1880-களில் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? படித்ததும் பெரியவரின் குரல்தான் கேட்டது, 'நாலு எழுத்து எழுதத் தெரிஞ்சவங்க' என்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் அந்த மக்களின் பழைய உரிமைகளைத் திரும்ப எழுத வழி செய்தது. நூற்றிருபது வருஷத்துக்கும் மேல் கழித்து!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு ரோடு இல்லாத பாதைதான் அழகு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நமக்கு இன்பம் ஆரம்பம். அதே இடத்திலிருந்து மேலே இருப்பவர்களுக்குக் கஷ்டம் ஆரம்பம். பழைய மாணவர் கூட்டங்களில் நண்பர்கள் "பச்சைமலைக்கு ரோடு போட்டுக் கெடுத்துட்டாங்கப்பா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூளி நினைவுக்கு வரும். வண்ணாடு, கோம்பை, தென்பறநாடு என்ற பச்சைமலை ஊராட்சிகளில் மரவள்ளியும் முந்திரியும் விளைகின்றன. அவற்றைத் தலையில் சுமந்து இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரோடு கெடுத்ததா என்று. பிளாஸ்டிக் குப்பையையும் பாட்டிலையும் கொண்டுபோய்க் கொட்டுவது ரோடு அல்ல, நாம்தான்.

நடக்க ஆசைப்படும் இன்றைய மாணவர்களுக்குச் சில விவரம். காட்டுக்குள் இப்போது எங்களைப் போல நினைத்தவுடன் நுழைய முடியாது. நுழையவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்துவிட்டது. வழிகாட்டிகளில் அந்தந்த மலை மக்களே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். புளியஞ்சோலையில் மேலே ஏறும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். ஆற்றில் குளிப்பதோடு திரும்பினாலும் அந்த நாள் வீண் இல்லை.

கரைகளுக்கு யார் அனுமதியும் வேண்டாம். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் மேலணைக் காப்புக்காட்டில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். பூங்காவைப் பார்த்துவிட்டுக் கரையோடு நடந்து வரலாம். பொன்மலைப்பட்டி மாவடிக்குளத்தைச் சுற்றி நடக்கலாம். துவாக்குடிப் பக்கம் கிளியூர் ஏரிக்குப் பறவைகள் வரும். தெற்கே போகும் வெளியூர் பஸ்கள் 2025 ஜூலை முதல் பஞ்சப்பூரிலிருந்து புறப்படுகின்றன, மத்திய பஸ் நிலையத்தில் போய் நின்று ஏமாற வேண்டாம். உய்யக்கொண்டான் கரையில் நகரத்துக்குள் சில இடங்களில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடக்க வேண்டுமானால் மே மாதம் போங்கள், தண்ணீர் வருவதற்கு முன். காரணம் மேலே சொன்னேன்.

கொல்லிமலைக்கு மேற்கே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு பஸ் ஏறுகிறது. நம் திருச்சிப் பக்கத்துச் சரிவில் பஸ் புளியஞ்சோலையோடு நின்றுவிடுகிறது. போன வருஷம் அங்கே போனேன். பெரியவரின் பெயரை அன்றே கேட்டு எழுதி வைக்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து யாரிடம் என்னவென்று விசாரிப்பது? டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் துறையூர் திரும்பினேன்.

கூட வந்த என் பேரன் நம் கல்லூரியில்தான் இரண்டாம் வருஷம் படிக்கிறான். "வந்தது வந்தோம் தாத்தா, பச்சைமலையும் போயிட்டு வருவோம்" என்றான். மறுநாள் காலை டாப் செங்காட்டுப்பட்டி பஸ்ஸில் மேலே போனோம். மத்தியானம் அதே பஸ்ஸில் இறங்கும்போது இரண்டு வளைவுக்கு நடுவில், கடையோ வீடோ போர்டோ எதுவும் இல்லாத இடத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி ஹாரன் அடித்தார். ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புதருக்குள்ளிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை வழியாக ஒரு அம்மா தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வேகமாக இறங்கி வந்தார்.

"இங்க ஸ்டாப்பே இல்லையே?" என்றான் பேரன்.

"பாதை இருக்குல்ல தம்பி" என்ற கண்டக்டர், மூட்டையை வாங்கி உள்ளே போட்டுவிட்டு, குழந்தையை என் மடியில் உட்காரவைத்து விசில் கொடுத்தார்.